உஷார்! பிழைச்செய்தி வராத கணக்குதான் கம்ப்ரஸரை உடைக்கும்

ஏ.சி., குளிர்பதனக் கிடங்கு, கொதிகலன் என எதை வடிவமைத்தாலும் நீராவி அட்டவணையைப் புரட்டுகிறவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். கூல்ப்ராப் என்ற இலவச மென்பொருள் நூலகத்தைப் பைத்தானிலோ எக்செல்லிலோ இணைத்தால் போதும். நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மங்களின் கொதிநிலை, அடர்த்தி, என்தால்பி எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். அதிலுள்ள சமன்பாடுகள் தரமானவை. அவற்றைப் பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது, நாம் அதற்குள் போடும் எண்ணைப் பற்றி. தப்பான எண்ணைப் போட்டாலும் பல தசம இலக்கங்களோடு சுத்தமான விடை வரும். அதை நம்பி வால்வைத் திருகுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

கேஜ் காட்டுவது முழு அழுத்தம் அல்ல!

மிக ஆபத்தான பிழை இதுதான். ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயு ஓடும் இயந்திரத்தின் சக்‌ஷன் பக்கத்தில் கேஜ் 2 பார் காட்டுகிறது. அந்த 2 பாரை அப்படியே நூலகத்தில் போட்டால் கொதிநிலை மைனஸ் 10 டிகிரி என்று வரும். ஆனால் நூலகம் கேட்பது தனி அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது. சரியான எண் சுமார் 3 பார். அதற்குரிய கொதிநிலை ஏறத்தாழ 0.8 டிகிரி.

சக்‌ஷன் குழாயின் வெப்பநிலை 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான சூப்பர்ஹீட், அதாவது கொதிநிலையைத் தாண்டிய வெப்பம், 2 டிகிரிதான். திரவம் கம்ப்ரஸருக்குள் போகும் எல்லையில் இயந்திரம் நிற்கிறது. தப்பான கணக்கோ 13 டிகிரி என்கிறது. ‘சூப்பர்ஹீட் அதிகம், கேஸ் போதவில்லை’ என்று நினைத்து இன்னும் கேஸ் ஏற்றினால், அல்லது எக்ஸ்பேன்ஷன் வால்வைத் திறந்துவிட்டால், திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குள் பாயும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. வால்வுத் தகடுதான் உடையும்.

ஆயிரம் மடங்கு தவறியும் சத்தம் வராது!

இன்றைய கூல்ப்ராப்பின் ‘ப்ராப்ஸ்எஸ்ஐ’ கட்டளை பாஸ்கல், கெல்வின், ஜூல் என்ற அலகுகளை மட்டுமே ஏற்கும். பழைய ‘ப்ராப்ஸ்’ கட்டளை கிலோபாஸ்கலிலும் கிலோஜூலிலும் இயங்கியது. பழைய நிரலை எடுத்துக் கட்டளையின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டுவது இன்றும் நடக்கிறது.

கெல்வின் கேட்கும் இடத்தில் ஆர்-134ஏ-க்கு 40 டிகிரி செல்சியஸை 40 என்று போட்டால் நூலகம் மறுத்துவிடும். அந்த அளவுக்குத் தப்பித்தோம். தண்ணீருக்கு 10 பார் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் 1000 என்று போட்டுப் பாருங்கள். மறுக்காது. கொதிநிலை சுமார் 7 டிகிரி என்று சொல்லும். சரியான விடை 180 டிகிரி! நீண்ட நிரலுக்குள் இந்த 7 புதைந்துவிட்டால் யார் கண்ணில் படும்?

இரண்டு மூலங்களின் என்தால்பியைக் கழிக்காதீர்கள்!

என்தால்பிக்குப் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஐ.ஐ.ஆர். என்ற முறையில் 0 டிகிரியில் உள்ள நிறைநிலைத் திரவத்துக்கு கிலோவுக்கு 200 கிலோஜூல். ஆஷ்ரே என்ற முறையில் மைனஸ் 40 டிகிரியில் பூஜ்யம். ஆர்-134ஏ-வில் இரண்டுக்கும் நடுவே சுமார் 148 கிலோஜூல் இடைவெளி.

0 டிகிரி ஆவியின் என்தால்பியை ஐ.ஐ.ஆர். முறையில் எடுத்து, 40 டிகிரி திரவத்தின் என்தால்பியை ஆஷ்ரே முறைப் பாடநூல் அட்டவணையிலிருந்து எடுத்துக் கழித்தால், குளிரூட்டும் திறன் கிலோவுக்கு 290 கிலோஜூல் என்று வரும். உண்மையில் அது 142தான். பாதிக் குளிர்கூடத் தராத இயந்திரத்தை ‘போதும்’ என்று சொல்லி விற்றுவிடுவீர்கள்!

இவற்றையும் கவனியுங்கள்

உலர்வுப் பின்னம் (கலவையில் ஆவியின் பங்கு) மைனஸ் 1 என்று வந்தால் அது அளவு அல்ல. ‘இங்கே திரவமும் ஆவியும் சேர்ந்து இல்லை’ என்ற அடையாளம். அதை அடுத்த சூத்திரத்தில் பெருக்கிவிடாதீர்கள்.

திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் நிலையில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் மட்டும் கொடுத்துப் பயனில்லை. கொதிக்கும்போது அவை இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கூடவே உலர்வுப் பின்னமோ என்தால்பியோ தேவை.

ஆர்-407சி போன்ற கலவைகள் ஒரே அழுத்தத்தில் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலையும் கொதித்து முடியும் வெப்பநிலையும் வேறு. சூப்பர்ஹீட்டுக்கு முடியும் வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. நிரலின் முதல் வரியிலேயே தெரிந்த ஒரு புள்ளியைச் சோதியுங்கள். 101325 பாஸ்கலில் தண்ணீரின் கொதிநிலை 373.12 கெல்வின் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

2. கேஜ் அளவோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும் வரியைத் தனியாக, கண்ணில் படும்படி எழுதுங்கள்.

3. ஒவ்வொரு மாறியின் பெயரிலும் அலகைச் சேருங்கள்.

4. ஒரு கணக்கின் எல்லா என்தால்பியும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே முறையில் வரட்டும்.

5. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலாக இருந்தாலும் இந்தச் சோதனைகளில் ஒன்றையும் விடாதீர்கள்.

பிழைச்செய்தி வந்தால் நிம்மதி அடையுங்கள். நூலகம் உங்களைத் தடுத்திருக்கிறது. செய்தி எதுவும் வராமல் எண் மட்டும் வந்தால், அதைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. சரிபார்க்காத எண்ணை வைத்து வால்வில் கை வைக்காதீர்கள்!