பூட்டைத் துடைக்கப் பெட்ரோலா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகல். திண்டுக்கல்லை அடுத்த ஒரு பங்கில் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. திருவழிபாட்டு உடைகள் வைக்கும் அறையின் பழைய பூட்டு இறுகிப்போய்ச் சாவி உள்ளே திரும்ப மறுத்தது. உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, ஒரு டம்ளர் பெட்ரோலை எடுத்து வந்தார். பூட்டு அதில் ஊறியது. நான்கு அடி தள்ளி, பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கழுவத் தண்ணீர் காய வைத்திருந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாமும் அங்கேதான் நின்றோம். அபாயம் ஒருவருக்கும் தோன்றவில்லை. திடீரெனத் தரையோடு தரையாக ஒரு நீலச் சுடர் ஓடி வந்து டம்ளரைப் பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டோம். இளைஞரின் புருவமும் முன்கை மயிரும் கருகியதோடு தப்பினோம். ஆனால் அன்றிரவு அவருக்கு ஓயாத இருமல் கண்டது. வாயால் உறிஞ்சியபோது ஒரு மிடறு பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்றிருந்ததாம். நான்கு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். திருவிழாத் தேரை அவர் பார்க்கவில்லை.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் நடந்த செய்தி இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அறுத்து, அராவி, லிவர் பொருத்திச் செய்யும் அந்தப் பூட்டுகள் இன்றும் பல வீடுகளின் தலைவாசலைக் காக்கின்றன. பூட்டைச் செய்யத் தெரிந்த ஊரில் அதைத் துடைக்கத் தெரியாமல் போகலாமா என்று எண்ணி, பூட்டுத் தொழிலில் முதுமை கண்ட ஒருவரை அணுகினோம்.

அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, பூட்டு இறுகுவது துருவினால் மட்டுமல்ல. நீங்கள் ஆண்டுக்கொரு முறை ஊற்றும் எண்ணெயினால்தான் பாதிப் பூட்டுகள் கெடுகின்றன” என்றார். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் சமவெளியின் செம்மண் தூசி அதோடு சேர்ந்து குழம்பாகி, பின் காய்ந்து, லிவர்களை ஒட்டிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நாளடைவில் அது பிசினாகவும் மாறும். ஆதலால் பழைய பிசுக்கை முதலில் கரைத்து எடுக்கவேண்டும். பிறகு எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நுழைத்துத் திருப்பினால் போதும் என்றார். அந்தக் கரிக்குக் கிராபைட் என்று பெயர். அது தூசியை ஒட்டவிடாது, வழுவழுப்பையும் தரும்.

கரைப்பதற்கு எது? இங்கேதான் நம் குடும்பங்கள் தவறுகின்றன. முன்பு வீடுதோறும் ஒரு புட்டி மண்ணெண்ணெய் இருந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் அது அரிதாயிற்று. வாசலில் நிற்கும் வாகனத்திலோ பெட்ரோல் இருக்கிறது. இரண்டும் ஒரே நிலத்து எண்ணெயிலிருந்து பிரித்தவைதானே என்று எண்ணிவிடுகிறோம். வேறுபாடு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ஒரு நெய்மத்தின் ஆவி, நெருப்பு பட்டதும் பற்றக்கூடிய அளவுக்கு எழும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர். பெட்ரோலுக்கு அது பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். அதாவது பனிக்கட்டியில் வைத்தாலும் பெட்ரோல் பற்றும். மண்ணெண்ணெய்க்கு நம் நாட்டுத் தர நிர்ணயம் 35 பாகைக்குக் குறையக்கூடாது என்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையில் தண்ணீர்போல் பரவி, எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிச் செல்லும். அன்று ஓடிவந்த நீலச் சுடரின் இரகசியம் இதுதான்.

மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்று இதைக்கொண்டு முடிவு செய்துவிடவும் வேண்டாம். பங்குனி, சித்திரையில் தகரக் கொட்டகையின் கீழ் 35 பாகை என்பது நண்பகலுக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்நேரத்தில் மண்ணெண்ணெயும் ஏறக்குறையப் பெட்ரோலின் குணத்தைக் காட்டத் தொடங்கும். காலையிலோ மாலையிலோ, திறந்த வாசலில், நெருப்பில்லாத இடத்தில் செய்வதே சரி. பூட்டு மூழ்குமளவு ஊற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் ஓரிரவு விட்டுவிட்டால் வேலை தானே நடக்கும்.

பூட்டுத் தொழிலாளர் சிலர் வேலை முடிந்ததும் கைப்பிசுக்கைப் பெட்ரோலில் கழுவுவதைக் கண்டிருக்கிறோம். தோலின் இயற்கை நெய் முழுதும் கரைந்துபோய், வெடிப்பும் சொறியும் காண்பது இதனால்தான். பெட்ரோலில் பென்சீன் என்றொரு பொருளும் கலந்திருக்கிறது. அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர் உறுதி செய்துள்ளனர். பிசுக்குக் கைக்கு முதலில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்து, பின் சோப்பால் கழுவினால் போதும். நெய்யை நெய் கரைக்கும். நம் பாட்டிமார் பலாச்சுளை அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவியதும் இந்தக் கணக்குத்தான்.

முலாம் பூசுமுன் உலோகத்தின் பிசுக்கைப் போக்க டிரைகுளோரோ எத்திலீன் என்னும் திரவத்தை உலகெங்கும் பட்டறைகள் பயன்படுத்தி வந்தன. தீப்பற்றாது என்பதே அதற்குப் பெருமை. ஆனால் 2012இல் அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அதைத் தடைசெய்யும் ஆணையையும் வெளியிட்டது. துணிக்கறை போக்கவும் தீயணைக்கவும் ஒருகாலத்தில் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடின் கதையும் இத்தகையதே. அது ஈரலைக் கெடுத்தது. வானத்தின் ஓசோன் படலத்தையும் அரித்தது. 1987இன் மான்ட்ரீல் உடன்படிக்கையை ஒட்டி அது படிப்படியாக விலக்கப்பட்டது. பெயர் எழுதாத புட்டியில், “இது நல்ல சரக்கு, தீயே பிடிக்காது” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி கோவிலுக்குள் வருவோம். அதே திருவிழாவில் இன்னொரு தவறும் நடந்தது. அதில் பங்கு நம்முடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம். சப்பரத்தில் வைக்கும் சுரூபத்தின் பாதத்தில் மெழுகு உறைந்திருந்தது. வண்ணக்காரர் விட்டுச் சென்ற தின்னரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தோம். மெழுகோடு நீல மேலாடையின் விளிம்பும் பஞ்சில் வந்துவிட்டது. உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே போதுமாயிருந்தது.

இன்று பல சுரூபங்கள் மரமோ சுண்ணமோ அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் கலந்து வார்த்தவை. கடற்கரையில் நம் மீனவச் சகோதரர் ஓட்டும் ஃபைபர் படகும், கொடைக்கானல் ஏரியில் நம் குழந்தைகள் ஏறி மகிழும் படகும் இதே இனத்தவை. இவற்றின் மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. தின்னரும் அசிட்டோனும் அதன் பளபளப்பைக் கெடுக்கும். மேலே தீட்டிய வண்ணத்தையோ அடியோடு கரைத்துவிடும். ஆகவே படகானாலும் சுரூபமானாலும் முதலில் இளஞ்சூட்டு நீரும் சிறிது சோப்பும். அதற்கு அசையாத கறைக்கு மட்டுமே, மறைவான ஓரிடத்தில் தொட்டுப் பார்த்த பின்னர், அடுத்த மருந்து. மெழுகுக்கோ கரைப்பான் தேவையே இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும்.

பித்தளைக்குப் புளியும் சாம்பலும் பழுதில்லை. ஆனால் புளியின் அமிலம் மூலைகளில் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். நன்றாக அலசி உடனே உலர்த்தவேண்டும். நிக்கல் முலாம் பூசிய பூட்டையும் வார்னிஷ் பூசிய பித்தளையையும் புளியால் தேய்க்கக்கூடாது, மேற்பூச்சு போய்விடும்.

துரு போக்கக் கழிப்பறை ஆசிட் ஊற்றுவோர் உண்டு. அதன் ஆவி அலமாரிக்குள் இருக்கும் மற்ற இரும்புகளையும் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடக் கொடியது, ஆசிட் கொட்டிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரும் தூவுவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே போர்முனையில் வீரர்களை மூச்சடைக்கச் செய்த அதே வாயு. கதவு மூடிய குளியலறையில் இதைச் செய்துவிட்டு மயங்கிய இல்லத்தரசியர் பலர்.

கழுவிய அழுக்கு எண்ணெயை எங்கே ஊற்றுவது? தோல் ஷாப்புகளின் கழிவினால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிணறுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். குளிக்கவும் பாய்ச்சவும் உதவாமற்போன கிணறுகளை இன்றும் காணலாம். நம் வீட்டுக் கோப்பை அவ்வளவு பெரிதல்லதான். ஆயினும் ஒரு கோப்பை மண்ணெண்ணெய் ஒரு கிணற்றையே நாற வைக்கும். முதிய தொழிலாளி இதற்கும் வழி காட்டினார். அழுக்கு எண்ணெயை மூடியிட்ட புட்டியில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் கீழே தங்கும். தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். அவருடைய பட்டறையில் ஒரே புட்டி ஆண்டு முழுதும் உழைக்கிறதாம்.

அந்தப் புட்டி குளிர்பானப் புட்டியாக இருக்கலாகாது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தோன்றும். அப்படி ஒரு குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுப்பதும் விரலை விடுவதும் நம் பழக்கம். மேலே வரும்போதுதான் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்குகிறது. வாயைத் துடைத்து, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் பூட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பெட்ரோலில் எரிந்து கரி படிந்த அதனை அந்த முதியவரிடமே கொடுத்தோம். மண்ணெண்ணெயில் ஓரிரவு வைத்து, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, பென்சில் கரி தடவிக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. சாவி அன்றுமுதல் தடையின்றித் திரும்புகிறது. சுரூபத்தின் மேலாடைக்குத்தான் வண்ணக்காரரை மறுபடியும் அழைக்க நேர்ந்தது.