விதியும் விளையாட்டும்

விளையாட்டில்லாத நாடு இல்லை. விதியில்லாத விளையாட்டும் இல்லை. நம் மட்டக்களப்பு நாட்டிலே வடசேரி, தென்சேரி என இரு வாரமாய்ப் பிரிந்து கொம்பு முறித்த பெரியோரும், முற்றத்து மணலிலே கட்டங்கீறி ஆடிய சிறுவரும் இதனை நன்கறிவர். இன்றோ வாவியின் இருமருங்கிலும் உள்ள இல்லங்களிற் பிள்ளைகள் கைத்தொலைபேசித் திரையிலே விளையாடுகின்றனர். படிப்புங் கெட்டது, பார்வையுங் கெட்டது எனப் பெற்றோர் கவல்கின்றனர். கவலை நியாயமானதே. ஆயினும் ஒன்றைக் கடிவதற்கு முன் அது எவ்வாறு இயங்குகின்றது என அறிதல் கற்றோர் கடன். ஆதலின், வீடியோ விளையாட்டுக்களின் அமைப்பிலே தலையாய மூன்று கூறுகளை ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

அவையாவன: ஆட்டமுறை, கடினநிலை, பூட்டுப்பொருள். ஒரே களத்தில் எதனை நோக்கமாகக் கொண்டு ஆடுவது என வகுப்பது ஆட்டமுறை. மாணவர் இதனை 'மோட்' என்பர். எளிது, நடுத்தரம், கடிது எனத் தரம் பிரிப்பது கடினநிலை. குறித்த ஒரு செயலை முடிக்கும்வரை மறைத்து வைத்து, முடித்தபின் வழங்கப்படும் புதிய களம், கருவி, பாத்திரம் முதலியன பூட்டுப்பொருள். 'அன்லொக்' செய்தல் என்பது அதனைத் திறத்தலாம். இவை மூன்றும் ஆட்டத்துக்குப் புறம்பான அலங்காரங்கள் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஆடுவோன் ஒவ்வொரு கணமும் எவ்வாறு அடியெடுத்து வைக்கின்றான் என்பதனை இவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

இது நமக்குப் புதிய செய்தியன்று. தாய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. எதிராளியின் காய் ஒன்றையேனும் வெட்டாதவன் உட்கட்டத்துட் புகலாகாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. இவ்விதி ஒரு பூட்டேயாகும். அதன் விளைவு யாது? இயல்பாகவே அஞ்சி ஒதுங்கி ஆடுவோனும் வெட்டுதற்கு வாய்ப்புத் தேடி முன்னேற வேண்டியவனாகின்றான். சிறுமியர் கெந்தியாடும் ஆட்டத்திலே, வென்றவள் ஒரு கட்டத்தைத் தன் வீடாக்கிக் கொள்கின்றாள். அவள் அதில் இரு காலும் ஊன்றி இளைப்பாறலாம். ஏனையோர் அதனைத் தாண்டியே செல்லல் வேண்டும். ஒருத்தியின் பரிசு மற்றவளுக்குக் கடினநிலையாக மாறும் நுட்பம் இங்கு உண்டு.

ஆட்டமுறையின் வலிமைக்குக் கிரிக்கெட்டை விடச் சிறந்த சான்று வேண்டா. மட்டையும் பந்தும் அவையே. ஐந்து நாள், ஐம்பது ஓவர், 2003இல் இங்கிலாந்திலே தோன்றிய இருபது ஓவர் என முறை மாறுந்தோறும் ஆட்டக்காரனின் மனமும் மாறுகின்றது. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின்போது முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரு களத்தடுப்பாளரே நிற்கலாம் என்ற விதி இருந்தது. தொடக்க ஆட்டக்காரர் விக்கெட்டைக் காத்து மெல்ல ஆடுதலே அதுவரை பெருவழக்கு. சனத் ஜயசூரியாவும் ரொமேஷ் களுவிதாரணவும் அவ்விதியின் உட்கிடையை உணர்ந்து, முதற் பந்திலிருந்தே அடித்தாடத் துணிந்தனர். இலங்கை அவ்வாண்டு மார்ச் 17ஆந் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைக் கொணர்ந்தது. ஏட்டிலே ஒரு வரியாய்க் கிடந்த விதி, உலகெங்கும் தொடக்க ஆட்டத்தின் போக்கையே மாற்றிற்று.

இனிக் கடினநிலைக்கு வருவாம். 1978இல் யப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கினார். திரையிலே வரிசை வரிசையாக இறங்கிவரும் பகைவரைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். பகைவர் தொகை குறையக் குறைய, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தமையால் இயந்திரம் விரைவாகத் தொழிற்பட்டது. எஞ்சியோரும் விரைந்து இறங்கினர். அவர் அதனைத் திருத்தாது ஆட்டத்தின் இயல்பாகவே விட்டார். வெற்றி நெருங்குந்தோறும் இடர் மிகும் அவ்வமைப்பே அவ்விளையாட்டின் உயிராயிற்று.

கடினநிலையை உயர்த்த இரு வழிகள் உண்டு. பகைவரின் வலிமையை இருமடங்காக்கி ஆடுவோன் உயிரைப் பாதியாக்குவது ஒன்று. இது எளிய கணக்கு. செய்யவேண்டிய செயலையே மாற்றுவது மற்றொன்று. 1997இல் வெளிவந்த 'கோல்டன்ஐ 007' இரண்டாவது வழிக்கு நல்லுதாரணம். அதில் தொடக்கத்தில் மூன்று தரங்கள் இருந்தன. தரம் உயர உயரப் பகைவர் வலியராவதோடு, அதே கட்டிடத்தில் முடிக்கவேண்டிய பணிகளும் கூடின. எளிய தரத்திற் கண்டுங் காணாது கடந்த அறையொன்று, உயர் தரத்திலே நுழைந்து தேடவேண்டிய இடமாயிற்று. குறித்த நேரத்துள் ஒரு களத்தை முடித்தால் சில பூட்டுப்பொருள்களும் திறந்தன. பதுங்கிப் பதுங்கிச் சென்ற அதே வழியில் ஆடுவோன் இப்போது ஓடக் கற்றான். களம் ஒன்றே, பாடம் மூன்று.

மனிதன் ஒரு செயலில் தன்னை மறந்து ஈடுபடுவது, அச்செயலின் கடுமையும் தன் திறமையும் ஒத்து நிற்கும்போதே என உளவியலறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1975இல் எடுத்துரைத்தார். திறமை மிக்கவனுக்கு எளியது சலிப்பு. குறைந்தவனுக்குக் கடியது அச்சம். வகுப்பறையிற் பல்லாண்டு நின்ற ஆசிரியர் எவரும் இதனை மறுக்கார்.

பூட்டுப்பொருளே மூன்றனுள்ளும் மிக்க கவனத்துக்குரியது. திறக்கும் முயற்சியே திறமையை வளர்க்குமாயின் பூட்டு ஓர் ஆசான். வெறுங் காலத்தையோ காசையோ வாங்கித் திறக்குமாயின் அது ஒரு சுங்கச்சாவடி. 2017இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வெளிவரும் தறுவாயில், டார்த் வேடர் என்னும் புகழ்பெற்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டியிருந்தன. அதற்கு நெடுநேரம் ஆடவேண்டுமென அறிந்த மக்கள் கொதித்தெழ, அத்தொகை 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. உள்ளிருப்பது இன்னதென அறியாமற் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சில சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்கும் என 2018இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் தீர்ப்புரைத்தது. பிள்ளை ஆடுகின்றானா, கூலிக்கு உழைக்கின்றானா, சூதாடுகின்றானா என்ற வினா பெற்றோருக்கு எழவேண்டிய இடம் இதுவே.

பரிசின் தீங்கு திரைக்கு மட்டும் உரியதன்று. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் அறிஞர் மூவர், படம் வரைவதில் விருப்புள்ள மழலையரை ஆராய்ந்தனர். வரைந்தாற் பரிசுண்டு என முன்கூட்டியே சொல்லப்பெற்ற பிள்ளைகள், பின்னர்ப் பரிசில்லாதபோது ஏனையோரை விடக் குறைவாகவே வரைந்தனர். விருப்பினால் நிகழ்ந்தது கூலிக்கு நிகழ்ந்ததாய் மாறியமையே காரணம் என்க.

எளியோருக்கு வழிவிடுதல் எவ்வாறு? சிறுபிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடை உண்டு. அது அன்புடையது, ஆயினும் அப்பிள்ளையின் வெற்றி கணக்கில் இல்லை. 2018இல் வந்த 'செலஸ்ட்' இதனினும் ஒருபடி மேலே சென்றது. மிகக் கடிய அவ்விளையாட்டில், ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இடமளித்து, அவ்வாறு ஆடுவோரும் மலையுச்சியை அடையச் செய்தனர். மாறாக, 2019இன் 'செகிரோ' எல்லார்க்கும் ஒரே தரமே என நின்றது. அதற்கும் ஓர் பெருமை உண்டு. அதனை வென்றோர் அனைவரும் ஒரே மலையை ஏறியவர்.

தமிழர் பெருமைகொள்ளத்தக்க ஒன்றும் இவ்வரிசையில் உளது. கனடாவின் தொரொன்ரோ நகரில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயின் பழைய சமையற் குறிப்பேட்டிலே அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் பிட்டும் ஆக்குவதே அதன் ஆட்டம். பிழைத்தாற் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம். மகன் கவின் சமைக்கப் புகும்போது அவனது குறைந்த தமிழறிவே கடினநிலை ஆகின்றது. பகைவர் எவருமின்றி, மொழியை இழத்தலின் வலியையே ஆட்டவிதியாக்கிய அந்நூதனம் 2024இல் பிரித்தானியாவின் பாப்டா விருதைப் பெற்றது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுகின்றான் என்பதோடு, எவ்விதியின் கீழ் ஆடுகின்றான் என்றும் பெற்றோர் கேட்டல் வேண்டும். இவ்வினா நம் கல்விக்கும் பொருந்தும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலும், சாதாரண தரமும், உயர்தரமும் நாம் அமைத்த பூட்டுக்களே. "இது சோதனைக்கு வருமா?" என்று மாணவன் வினவுங்கால், தொலைவிலுள்ள பூட்டு இன்றைய பாடவேளையை வளைத்துவிட்டது என அறிதல் வேண்டும். வரும் என்றால் எழுதுகின்றான். வராது என்றால் ஏட்டை மூடுகின்றான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. விதி அவ்வாறு கற்பித்தது.

யூபிலி ஆண்டிலே பரிசில்களும் நிதியங்களும் நிறுவ முன்வரும் பழைய மாணவர் பலர். அவர்தம் கொடை வாழ்க. அப்பரிசுகளுட் சிலவேனும் புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கன்றி, பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நூலைக் கற்றவனுக்கும், வாவியின் ஒரு மீனையோ கண்டற் செடியையோ கூர்ந்து ஆராய்ந்தவனுக்கும், பின்தங்கிய தோழனைக் கைதூக்கி விட்டவனுக்கும் உரியவாகுக. பரிசு எதனைத் திறக்கின்றதோ அதனையே மாணவன் தேடுவான்; அதனை வகுக்கும் பொறுப்பு நம்முடையது.