விமானம் அதேதான், பெயர்தான் வேறு: காற்றாடி விமானங்கள் கைமாறுவது எப்படி?

சரவாக்கின் மிரி நகரிலிருந்து மூலுவுக்குச் சாலை வசதி இல்லை. ஆற்றுவழியாகப் படகில் போனால் ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். விமானத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். பாரியோ மலைக்கிராமத்துக்கு வெட்டுமர லாரிகள் ஓடும் மண்பாதை உண்டு. அதில் நாள் முழுவதும் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். 19 பேர் அமரும் ட்வின் ஓட்டர் விமானமோ ஒரு மணி நேரத்துக்குள் அங்கு இறங்கிவிடும்.

மருத்துவமனைக்குப் போகும் நோயாளி, விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர், தீபகற்பத்திலிருந்து பணிமாற்றலாகிச் சென்ற ஆசிரியர் எனப் பலரும் அந்தச் சிறிய விமானங்களையே நம்பியிருக்கிறார்கள். அந்த ஆசிரியர்களில் நம்மவர்களும் உண்டு.

இந்த உட்புறச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் பெயர் 20 ஆண்டுகளில் மூன்று முறை மாறியிருக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸ் நடத்திவந்த சேவை 2006 ஆகஸ்ட்டில் ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் போனது. 2007 அக்டோபரில் மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸ் அதை ஏற்றது. 2025 பிப்ரவரியில் சரவாக் அரசாங்கம் மாஸ்விங்சை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2026 முதல் அதன் பெயர் ஏர்போர்னியோ.

ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பெயரும் விமானத்தின் வண்ணமும் மாறின. ஆனால், கைமாறிய நேரத்தில் பறந்தவை பெரும்பாலும் அதே விமானங்கள்தான். முதல் இரண்டு மாற்றங்களின்போது அவை ஃபோக்கர் 50, ட்வின் ஓட்டர் ரகங்கள். பின்னர் ஃபோக்கருக்குப் பதிலாக ஏடிஆர் 72 வந்தது.

*சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுப்பது ஏன்?*

ஏடிஆர், ட்வின் ஓட்டர் போன்றவற்றை டர்போபிராப் என்பார்கள். இவற்றில் சுழலி இயந்திரத்தின் ஆற்றல் வெளியே இருக்கும் காற்றாடியைச் சுற்றுகிறது. குறுகிய தூரப் பயணத்தில் ஜெட் விமானத்தைவிட எரிபொருள் குறைவாகச் செலவாகும். நீளம் குறைந்த ஓடுபாதையும் போதும்.

ஆனாலும் விலை குறைவில்லை. பிரான்சின் துலூஸ் நகரில் தயாராகும் ஏடிஆர் 72-600 ரகப் புதிய விமானத்தின் பட்டியல் விலை 25 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல். நான்கைந்து விமானங்களை வைத்து நடத்தும் ஒரு நிறுவனம் அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் முடக்க முடியாது. அதனால், விமானங்களை வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களை அவை நாடுகின்றன. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அவேஷன் நிறுவனம் அத்தகைய ஒன்று. ஏடிஆர் விமானங்கள் பலவற்றை அது வைத்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது புதிதல்ல. 2002-ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் மலேசியா ஏர்லைன்ஸின் விமானங்களை அரசாங்க நிறுவனமான பெனெர்பாங்கான் மலேசியா பெர்ஹாட் எடுத்துக்கொண்டு, அவற்றை மீண்டும் அதற்கே குத்தகைக்கு விட்டது.

*இரண்டு வகைக் குத்தகை*

முதல் வகையில் விமானம் மட்டும் வரும். விமானி, பணிப்பெண், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் குத்தகைக்கு எடுப்பவரின் பொறுப்பு. இது பொதுவாகப் பல ஆண்டுகளுக்குச் செய்துகொள்ளப்படும். சாவியை வாங்கிக்கொண்டு நாமே ஓட்டும் வாடகைக் காரைப் போன்றது இது.

இரண்டாம் வகையில் விமானம், பணியாளர், பராமரிப்பு, காப்புறுதி ஆகிய நான்கும் சேர்ந்தே வரும். இதை ஓட்டுநருடன் வரும் காருக்கு ஒப்பிடலாம். ஒரு விமானம் திடீரெனப் பழுதாகும்போதோ, பெருநாள் காலத்தில் கூட்டம் கூடும்போதோ சில வாரங்கள், மாதங்களுக்கு இப்படி எடுப்பார்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும், விமானத்தில் வேறு நிறுவனத்தின் சீருடையும் இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மாத வாடகையோடு செலவு முடிவதில்லை. இயந்திரம், காற்றாடி, தரையிறங்கு சக்கரத் தொகுதி ஆகியவற்றின் பெரிய பழுதுபார்ப்புக்காக, பறக்கும் மணிக்கும் தரையிறங்கும் எண்ணிக்கைக்கும் ஏற்பத் தனித்தொகை கட்டும்படி பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. அரை மணிக்கொரு முறை ஏறி இறங்கும் உள்ளூர் விமானத்துக்கு இந்தக் கணக்கு விரைவாக ஏறும்.

*கைமாறும்போது நடப்பது என்ன?*

விமானத்தைத் திருப்பிக் கொடுப்பது, வாடகை வீட்டைக் காலி செய்வதைவிடக் கடினமான வேலை. ஒப்பந்தத்தில் சொன்ன நிலையில் விமானம் இருக்கிறதா என்று உரிமையாளரின் பொறியாளர்கள் சோதிப்பார்கள். உடலில் துரு, இயந்திரத்தில் மீதமுள்ள ஆயுள், காற்றாடியின் தேய்மானம் ஆகியவற்றோடு ஆவணங்களையும் பார்ப்பார்கள். முக்கிய உதிரிப்பாகம் ஒன்று எங்கிருந்து வந்தது, எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு இல்லாவிட்டால், பாகம் நன்றாக இருந்தாலும் அதை ஏற்கமாட்டார்கள்.

வேறு நாட்டுக்குப் போவதானால் பழைய பதிவு நீக்கப்பட்டு, புதிய பதிவெண் எழுதப்படும். மலேசிய விமானங்களின் பதிவு 9எம் என்றும் சிங்கப்பூர் விமானங்களின் பதிவு 9வி என்றும் தொடங்கும். இங்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பறக்கும் தகுதிச் சான்று வழங்கி, நிறுவனத்தின் இயக்க உரிமத்திலும் அந்த விமானத்தைச் சேர்த்த பிறகே பயணிகள் ஏற முடியும்.

வாடகை கட்டாவிட்டால் உரிமையாளர் விமானத்தை மீட்க, 2001-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உருவான அனைத்துலக ஒப்பந்தம் வழி செய்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் சேர்ந்துள்ளன.

உரிமையாளருக்கும் ஆபத்து உண்டு. 2020 ஏப்ரலில் விர்ஜின் ஆஸ்திரேலியா நொடித்து நிர்வாகிகளின் கைக்குப் போனபோது, அது அவேஷனிடமிருந்து எடுத்திருந்த ஏடிஆர் விமானங்கள் வேலையற்று நின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் அவற்றுக்கு வேறு நிறுவனங்களைத் தேட வேண்டியிருந்தது.

*அவசரத்துக்கு மாற்ற முடியுமா?*

ஒரே ரகமாக இருந்தாலும் மாற்றுவது எளிதல்ல. மலேசிய வான்போக்குவரத்துக் குழுமத்தின் கீழ் மாஸ்விங்சும் ஃபயர்ஃபிளையும் ஏடிஆர் 72-500 விமானங்களை இயக்கின. ஆனால், மாஸ்விங்ஸ் விமானத்தில் 68 இருக்கைகள், ஃபயர்ஃபிளையில் 72. முழுவதும் விற்றுவிட்ட 72 இருக்கைப் பயணத்துக்கு 68 இருக்கை விமானம் வந்தால் நான்கு பேர் நிற்கவேண்டியதுதான்.

ரகம் மாறினால் சிக்கல் இன்னும் கூடும். 72-500 விமானியை 72-600-இல் அமர்த்த, புதிய திரைகள் கொண்ட விமானி அறைக்குத் தனிப் பயிற்சி தேவை. மூலுவில் ஏடிஆர் இறங்கும். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பாரியோவின் குறுகிய ஓடுபாதைக்கு ட்வின் ஓட்டர்தான் போகிறது. அந்த ட்வின் ஓட்டர் பழுதானால், மிரியில் ஏடிஆர் சும்மா நின்றாலும் பாரியோ மக்களுக்குப் பயனில்லை.

*2006 தந்த பாடம்*

ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் பொறுப்பேற்றபோது சபா, சரவாக் உட்புறங்களுக்குப் புதிய விமானங்கள் வரவில்லை, பழையவையே கைமாறின. தாமதம், ரத்து குறித்து இரு மாநிலங்களிலும் புகார்கள் எழுந்தன. 14 மாதங்களில் சேவை மலேசியா ஏர்லைன்ஸ் குழுமத்துக்கே திரும்பியது. அந்த நிறுவனம்தான் பின்னர் ஏர் ஏசியா எக்ஸ் ஆனது.

விமானத்தைக் கையெழுத்திட்டு மாற்றிவிடலாம். அதை நாள்தோறும் பறக்க வைக்கும் பொறியாளர், விமானி, உதிரிப்பாகக் கிடங்கு, பழுதானால் இறக்க ஓர் உபரி விமானம் ஆகியவை ஒப்பந்தத்தோடு தாமாக வந்துவிடுவதில்லை. வருமானம் குறைந்த இந்த வழித்தடங்கள் அரசாங்க மானியத்தில்தான் ஓடுகின்றன. அதனால், சும்மா நிற்கும் உபரி விமானத்துக்கும் யாராவது வாடகை கட்டியாக வேண்டும் என்பது ஒரு வணிகக் கணக்கு மட்டுமல்ல. மக்கள் வரிப்பணத்தின் கணக்கும்கூட.

ஏர்போர்னியோ தன் விமானங்களைப் படிப்படியாகப் புதுப்பிக்கும்போதும் இதே கேள்விகள் எழும்: எத்தனை விமானம், எந்த ரகம், வாங்குவதா குத்தகையா. பாரியோவில் காத்திருக்கும் நோயாளிக்கு விமானம் யாருடையது என்பது முக்கியமல்ல. ஒன்று பழுதானால் அதே ஓடுபாதையில் இறங்கக்கூடிய இன்னொன்று இருக்கிறதா என்பதே முக்கியம்.