நியூட்டன் என்றால் புதிய ஊர்!

விசையின் அலகு எது என்று கேட்டால், 'நியூட்டன்' என்று நீங்கள் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளுக்கு, விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் என்ற அளவில் முடுக்கம் தரும் விசையே ஒரு நியூட்டன். அறிஞர் ஐசக் நியூட்டனின் நினைவாக இப்பெயர் 1948ஆம் ஆண்டில் உலக அளவில் ஏற்கப்பட்டது. ஆனால், 'நியூட்டன்' என்ற சொல்லுக்கே என்ன பொருள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

'நியூ' என்றால் புதிய. 'டன்' என்றால் ஊர். ஆக, நியூட்டன் என்றால் புதிய ஊர்! (எடையைக் குறிக்கும் டன்னுக்கும் இதற்கும் உறவில்லை.) இங்கிலாந்தில் இப்பெயருள்ள சிற்றூர்கள் பல. ஓர் ஊரிலிருந்து வேற்றூருக்குக் குடிபெயர்ந்தவரை அவருடைய பழைய ஊரின் பெயராலேயே அழைப்பது முற்காலத்தில் அந்நாட்டு வழக்கமாக இருந்தது. நாளடைவில் அது குடும்பப் பெயராயிற்று. ஊரின் பெயர் மனிதருக்கு வந்தது. மனிதரின் பெயர் அலகுக்கு வந்தது.

வேலி ஊரான கதை

ஆங்கில இடப்பெயர்களில் பெரும்பாலானவை இரு பகுதிகள் கொண்ட கூட்டுச்சொற்கள். பின்பகுதி, அது எத்தகைய இடம் என்று சொல்லும். முன்பகுதி, அத்தகைய இடங்களுள் அது எது என்று பிரித்துக் காட்டும்.

'டன்' என்னும் பின்னொட்டு, பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்ற தனிச்சொல்லாக இருந்தது. அதன் முதற்பொருள் வேலி. பிறகு வேலியிட்ட நிலம், பண்ணை, சிற்றூர் எனப் பொருள் விரிந்துகொண்டே சென்றது. இதே சொல்தான் இன்று 'டவுன்' ஆகியிருக்கிறது.

ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமற்ற துறைக்கு 'ஃபோர்டு' என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் கடக்கும் துறை. வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று காட்டிய ஜூல் 1818இல் பிறந்த ஊர் சால்ஃபோர்டு. இது வில்லோ மரங்கள் நிற்கும் துறை. வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராய்ந்து 1947இல் நோபல் பரிசு பெற்ற ஆப்பிள்டன் பிறந்த ஊர் பிராட்ஃபோர்டு, அதாவது அகன்ற துறை. அவருடைய பெயரையோ இப்போது நீங்களே பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம்!

அழுத்தம் குறைந்தால் ஒலி தேயும்

தனிச்சொல்லாக இருந்த 'டூன்' ஏன் 'டன்' என்று சுருங்கியது? ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் பொதுவாக முன்பகுதியே அழுத்தமாக ஒலிக்கும். அழுத்தம் பெறாத பின்பகுதி, பல நூற்றாண்டுகளாகப் பலர் வாயில் புழங்கித் தேய்ந்துவிடும். தீர்க்கரேகைகளுக்குத் தொடக்கக் கோடாக 1884இல் ஏற்கப்பட்ட கிரீனிச் இதற்கு நல்ல சான்று. 'கிரீன்' என்றால் பசுமை. 'விச்' என்றால் குடியிருப்பு அல்லது வணிகத்தலம். எழுத்தில் இன்றும் 'கிரீன்விச்' என்றே எழுதுகிறார்கள். பேச்சில் 'வ்' எப்போதோ மறைந்துவிட்டது.

வந்தவர்கள் விட்டுச்சென்ற தடம்

பாறையிலுள்ள தொல்லுயிர் எச்சம் பழைய உயிரினத்தைக் காட்டுவதுபோல, பின்னொட்டும் பழைய மக்களைக் காட்டும். ரோமானியர்கள் கி.பி. 43இல் பிரிட்டனின் மீது படையெடுத்து, சுமார் 410 வரை ஆண்டனர். அவர்களுடைய இலத்தீன் மொழியில் படைமுகாமுக்குக் 'காஸ்ட்ரா' என்று பெயர். அதுவே செஸ்டர், காஸ்டர் எனத் திரிந்து, மான்செஸ்டர், லங்காஸ்டர் போன்ற பெயர்களில் நிற்கிறது. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கரு உண்டென்று அறிவித்தது இந்த மான்செஸ்டரில் பணியாற்றியபோதுதான்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனியர்கள் வந்து குடியேறினர். அவர்கள் மொழியில் 'பி' என்றால் ஊர். 'நார்த்வொர்தி' என்று ஆங்கிலேயர் அழைத்த ஊருக்கு டேனியர்கள் 'டார்பி' என்று பெயரிட்டனர். பழைய பெயர் மறைய, புதிய பெயரே நிலைத்தது.

காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் வடிவம் பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் படத்தில் 'பி' என்று முடியும் ஊர்களுக்கெல்லாம் புள்ளி வைத்தாலும் அப்படியே! லண்டனிலிருந்து வடமேற்கே செல்லும் பழைய ரோமானியச் சாலைக்கு வடகிழக்கில் புள்ளிகள் நெருங்கிக் குவியும். தென்மேற்கில் மிக அரிதாகவே காணப்படும். ஆங்கிலேய அரசர் ஆல்ஃபிரடும் டேனியத் தலைவர் குத்ரமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் எல்லை, இச்சாலையை ஒட்டிச் சென்றது. அந்த எல்லைக்கோடு மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், அதை ஊர்ப்பெயர்கள் மறக்கவில்லை.

அவசர முடிவு ஆகாது

ஆனால் ஓர் எச்சரிக்கை. கேம்பிரிட்ஜ் என்ற பெயரைப் பார்த்ததும், கேம் ஆற்றின் மேலுள்ள பாலம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ஆற்றின் பழைய பெயர் கிராண்டா. ஊரின் பழைய பெயரும் 'கிராண்டா பாலம்' என்றே பொருள்பட்டது. ஊர்ப்பெயர் திரிந்து திரிந்து கேம்பிரிட்ஜ் ஆனபிறகு, அதிலிருந்துதான் ஆற்றுக்கே 'கேம்' என்ற பெயர் வந்தது! காரணம் என்று நாம் நினைத்தது உண்மையில் விளைவு.

'ஹாம்' என்ற முடிவும் இப்படி ஏமாற்றக்கூடியதே. பர்மிங்ஹாமில் அது குடியிருப்பைக் குறிக்கிறது. பக்கிங்ஹாமில் ஆற்று வளைவிலுள்ள நிலத்தைக் குறிக்கிறது. வெவ்வேறான இரு பழஞ்சொற்கள் இன்று ஒரே உருவில் நிற்கின்றன. எனவேதான் ஆய்வாளர்கள் இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் நம்புவதில்லை. கிடைக்கும் மிகப் பழைய ஏடுகளில் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று தேடிப் பார்த்து, அந்த இடத்தின் நில அமைப்போடும் ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டைக் கொண்டு விதி வகுக்கலாகாது என்பதும் இதுதானே?

கடைசியாக ஒரு புதிர். நியூட்டன் பிறந்த சிற்றூரின் பெயர் உல்ஸ்தார்ப். 'தார்ப்' என்பது பெரிய ஊரைச் சார்ந்து எழுந்த சிறு குடியிருப்பைக் குறிக்கும் டேனியச் சொல். அப்படியானால், அந்த ஊர் மேலே சொன்ன பழைய சாலைக்கு எந்தப் பக்கம் இருக்கும்? முதலில் ஊகித்துச் சொல்லுங்கள். பிறகு நிலப்படத்தை எடுத்துச் சரிபாருங்கள்!