ஒரு சாண் காற்றின் எடை

ஆபரேஷன் தியேட்டரின் மூடிய கதவுக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்தால், அது வெளிப்பக்கமாகப் படபடக்கும். காசநோயாளியைத் தனியாக வைத்திருக்கும் அறையின் கதவடியில் அதே கீற்று உள்பக்கமாக இழுபடும். தியேட்டருக்குள் வெளித்தூசு நுழையக் கூடாது. காசநோய் அறையிலிருந்து கிருமி வெளியேறக் கூடாது. அதனால் முன்னதில் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டியும், பின்னதில் சற்றுக் குறைத்தும் வைக்கிறார்கள்.

சற்று என்றால் குறைந்தது 2.5 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் கடல்மட்டத்தில் 1,01,325 பாஸ்கல். அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான் இந்த வித்தியாசம். தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தாலே காற்றழுத்தம் ஏறக்குறைய இவ்வளவு குறைந்துவிடும்.

இத்தாலியின் டாரிசெல்லி 1643இல் காற்றழுத்தத்தை அளக்கப் பாதரசத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கனம். தண்ணீரை வைத்து அளந்தால் பத்து மீட்டருக்கும் உயரமான குழாய் வேண்டும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது என்பதால் 760 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கனமே இங்கே குறையாகிறது. 2.5 பாஸ்கலுக்குப் பாதரசம் 0.02 மில்லிமீட்டர்தான் நகரும், கண்ணுக்குத் தெரியாது. ஆக, கதவோரக் காற்றைக் காவல் காக்கும் வேலை பாதரசத்தால் ஆகக்கூடியதே அல்ல.

தியேட்டர் வாசலில் சுவரில் பதித்திருக்கும் வட்ட முகப்புக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. அதன் பின்னால் இரண்டு மெல்லிய குழாய்கள்: ஒன்றின் வாய் அறைக்குள், மற்றதன் வாய் நடைவழியில். நடுவே ரப்பர் போன்ற மெல்லிய சவ்வு. எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சவ்வு உப்பும். அது ஒரு தகட்டு வில்லை அசைக்க, வில்லின் நுனியிலுள்ள காந்தம் பக்கத்தில் நிற்கும் திருகுச் சுருளைத் தொடாமலேயே திருப்புகிறது. முள் அந்தச் சுருளோடு திரும்புகிறது. தொடுதல் இல்லாததால் உராய்வும் இல்லை. மின்னணுக் கருவிகளில் சவ்வு சிலிக்கானால் ஆனது; அது வளைவது மின்சமிக்ஞையாக மாறி, அழுத்தம் தவறினால் அலாரம் ஒலிக்கிறது.

திரவமில்லாமல் அழுத்தத்தை அளக்கும் யோசனை பழையது. பிரான்சின் லூசியன் விடி 1844இலேயே காற்றை உறிஞ்சி எடுத்த உலோகச் சிமிழைக் கொண்டு காற்றழுத்தமானி செய்தார். அதன் வழிவந்த சிறு உணரி இன்று ரத்த வாயுக்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்குள் இருக்கிறது. ஆக்சிஜன் அளவைக் கணக்கிட இயந்திரம் இருக்கும் ஊரின் காற்றழுத்தம் தெரிய வேண்டும். சென்னையின் 760 மில்லிமீட்டர், கொடைக்கானலில் 600க்கும் கீழே இறங்கிவிடும்.

கொடைக்கானல் என்றதும் அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். மாசுப் புகாரால் 2001இல் மூடப்பட்டது. ஜப்பானின் மினமாட்டா பெயரில் 2013இல் உருவான உலக உடன்படிக்கை, பாதரசக் காற்றழுத்தமானி, ஈரப்பதமானி முதலியவற்றின் உற்பத்திக்கு 2020 என்று கெடு வைத்தது. கேட்ட நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தந்தது. இந்தியா 2018இல் உடன்படிக்கையை ஏற்றது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் இருக்கும் பாதரசம் ஒரு கிராம் அளவுதான். காற்றழுத்தமானியிலோ நூற்றுக்கணக்கான கிராம். உடைந்தால் முத்து முத்தாய் உருண்டு தரையிடுக்கில் ஒளிந்து, நிறமும் மணமும் இல்லாத நச்சாவியாகக் கசியும்.

ஈரப்பதத்தின் கதையும் இப்படித்தான். ஈரம் பட்டால் தலைமுடி நீளும் என்பதை வைத்து சுவிட்சர்லாந்தின் சொசூர் 18ஆம் நூற்றாண்டிலேயே ஈரப்பதமானி செய்தார். பிறகு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிய இரட்டைப் பாதரச வெப்பமானிகள் பரவின. இப்போதைய உணரி, இரண்டு மின்வாய்களுக்கு நடுவே வைத்த பாலிமர் படலம். மேல் மின்வாயின் நுண்துளைகள் வழியே ஈரம் உள்ளே போகும். படலம் தேக்கும் மின்சாரத்தின் அளவு உடனே கூடும். தியேட்டரில் ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் பூஞ்சை பிடிக்கும். மிகக் குறைந்தால் நிலைமின்சாரம் சேரும்.

இந்தக் கருவிகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஸ்பிரிட், ஃபார்மலின் ஆவி படியப் படிய உணரி மெல்லத் தவறு காட்டத் தொடங்கும். எண் மட்டும் பளிச்சென்று தெரியும். அழுத்தக் கருவியைச் சோதிப்பது எளிது: இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஈரப்பதமானிக்குச் சமையல் உப்பு போதும். ஒரு மூடியில் உப்பெடுத்து, கரையாமல் குழையும்படி சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் கருவியோடு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், நேற்று வரை பதிவேட்டில் 58 என்று எழுதியதெல்லாம் 60ஐத் தாண்டிய நாட்களாக இருந்திருக்கலாம்.