ஒரு விரற்கடைக் களிமண்

மழை ஓய்ந்தபின் குளத்தின் அடியில் வண்டல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலடியிலும் இப்படித்தான். அங்கே படிந்தது நெடுங்காலத்தில் இறுகிப் படிவுப் பாறையாகிறது. அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது.

இத்தாலியில் குபியோ என்ற ஊருக்கு அருகே, முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக வெளியே தெரிகிறது. 1970-களில் வால்ட்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்கப் புவியியலார் அங்கே ஆராய்ந்தார். கீழ் அடுக்குகளில் போராமினிபெரா எனப்படும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் பல வகையாக நிறைந்திருந்தன. மேல் அடுக்கிலோ மிகச் சிறிய சில வகைகளே இருந்தன. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள களிமண். அதன் வயது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். டைனோசார்கள் மறைந்த காலமும் அதுவே!

இந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆயிற்று? சில ஆண்டுகள்தான் என்றால் அழிவு திடீரென்று வந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் என்றால் மெல்ல வந்தது. வால்ட்டர் இதைத் தம் தந்தை லூயி ஆல்வாரெஸிடம் கேட்டார். அவர் 1968-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலார்.

தந்தை சொன்ன வழி எளிமையானது. பூமி உருகிய நிலையில் இருந்தபோது, இரிடியம் என்ற உலோகத்தில் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து மையத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே மேலோட்டில் அது மிகமிக அரிது, விண்கற்களில் அதிகம். விண்தூசு பூமிமேல் ஓரளவு சீராகப் பெய்துகொண்டே இருக்கிறது. அப்படியானால், களிமண்ணில் சேர்ந்த இரிடியமே ஒரு மணற் கடிகாரம் அல்லவா?

பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பிராங்க் அசாரோவும் ஹெலன் மிச்செலும் அதை அளந்தார்கள். களிமண்ணை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், இரிடியம் அணுக்கள் கதிரியக்கம் பெற்றுத் தமக்கே உரிய ஆற்றலுள்ள காமாக் கதிர்களை வெளியிடும். அவற்றை எண்ணினால் போதும். நூறு கோடியில் ஒரு பங்கு இரிடியம் கூடத் தப்பாது.

விடை வந்தது. சுற்றியிருந்த பாறையில் உள்ளதைப் போல் சுமார் 30 மடங்கு இரிடியம்! டென்மார்க்கில் இதே காலத்துக் களிமண்ணில் சுமார் 160 மடங்கு. தூசு மட்டும் பெய்து இவ்வளவு சேராது. கடிகாரம் பயன்படவில்லை, அதைவிடப் பெரிய செய்தி கிடைத்தது. (கேட்ட கேள்விக்கு விடை வராமல் வேறொன்று வரும்போது, கருவியைக் குறை சொல்லித் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!)

அருகில் ஒரு விண்மீன் வெடித்திருக்குமோ? அப்படியானால் புளூட்டோனியம்-244 இருக்க வேண்டும், தேடினார்கள், இல்லை. மிஞ்சியது சிறுகோள் மோதல். உலகெங்கும் படிந்த இரிடியத்தின் எடையைக் கணக்கிட்டு, விண்கல்லில் அது இருக்கும் விகிதத்தால் வகுத்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் விட்டமுள்ள சிறுகோள் என்று வந்தது. மேலெழுந்த தூசு சூரியனை மறைக்க, தாவரங்கள் மடிந்து, அவற்றை நம்பிய உயிர்களும் மடிந்தன என்று 1980-இல் வெளியிட்டார்கள்.

எல்லோரும் ஒப்பிவிடவில்லை. எரிமலையும் இரிடியத்தைக் கக்கும் என்றார்கள் சிலர். நம் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை, ஏறத்தாழ அதே காலத்தில் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்புதானே! ஆனால் 1984-இல், அமெரிக்காவின் மான்டானாவில், அதே அடுக்கில் வேறொரு சான்று கிடைத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான கோடுகள் ஓடும் குவார்ட்ஸ் மணிகள் அவை. அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களிலும் விண்கற் பள்ளங்களிலும் காணப்படுபவை. எரிமலையின் அழுத்தம் அதற்குப் போதாது.

பள்ளம் எங்கே? 1991-இல் அதற்கும் விடை வந்தது. மெக்சிகோவின் யுகடான் கரையில், சிக்சுலூப் என்ற இடத்தில், பிற்காலப் பாறைகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். அழிவில் தக்காண எரிமலைகளுக்கும் பங்கு உண்டா என்ற வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

2016-இல் அந்தப் பள்ளத்தையே கடலில் துளையிட்டுப் பாறைத் தூண்களை எடுத்தார்கள். மோதலின் இடிபாடுகளுக்கு மேலே மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. அதிலும் இரிடியம் மிகுந்திருப்பதை 2021-இல் அறிவித்தார்கள்.