திட்டியவரைத் தண்டிக்க முடியாது… அப்போ கல்லூரி என்னதான் செய்யலாம்? மூன்று மாணவர்கள் எடுத்த படம் சொல்லும் பதில்

நடந்து போகிறீர்கள். கடந்து போகும் வண்டியிலிருந்து யாரோ உங்கள் நிறத்தைச் சொல்லிக் கத்துகிறார்கள். வண்டி நிற்கவில்லை. கத்தியது யார் என்றும் தெரியாது. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்?

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவர் சாதாரண மாணவர்கூட இல்லை. மாணவர் சங்கத் தலைவர் பேட்டன் ஹெட். நடந்ததை அவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். அங்கே ஆரம்பித்த விஷயம், இரண்டே மாதத்தில் பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும் தலைவராக இருந்த டிம் வுல்ஃப் ராஜினாமா செய்வதில் போய் முடிந்தது.

அந்தப் போராட்டத்தை உள்ளேயிருந்து படம்பிடித்தவர்கள், அங்கேயே திரைப்படம் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள். 'கன்சர்ன்ட் ஸ்டூடன்ட் 1950' என்ற அந்த ஆவணப்படம் 2016-ல் வெளியானது. சுமார் அரை மணி நேரம்தான் ஓடும். இதே போராட்டத்தைப் பற்றி பிரபல இயக்குநர் ஸ்பைக் லீயும் அதே ஆண்டு ஒரு படம் எடுத்தார். ஆனால், இது சக மாணவர்களே எடுத்த படம்.

அது என்ன 1950?

போராடிய குழுவின் பெயரே 'கன்சர்ன்ட் ஸ்டூடன்ட் 1950'தான். பல்கலைக்கழகம் தொடங்கியது 1839-ல். கறுப்பின மாணவர்களுக்கு அதன் கதவு திறந்தது 1950-ல். நடுவில் 111 ஆண்டுகள்!

சும்மா திறந்துவிடவில்லை. சட்டம் படிக்க விண்ணப்பித்த லாயிட் கெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞரை, நிறத்தைக் காரணம் காட்டி நிராகரித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 1938-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால், வகுப்பில் சேரும் முன்பே, 1939-ல் சிகாகோவில் அவர் காணாமல் போனார். என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியவில்லை. இந்தப் பின்னணி தெரிந்தால்தான், 2015-ல் காதில் விழுந்த ஒரு வசவு ஏன் 'வெறும் வார்த்தை'யாகக் கடந்து போகவில்லை என்பது புரியும்.

திட்டியவர்களைத் தண்டிக்க முடியாதா?

இங்கேதான் சிக்கல். அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. வெறுப்புப் பேச்சுக்கு என்று அதில் தனி விலக்கு இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களையும் இது கட்டுப்படுத்தும்.

இதற்கான முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று, இதே மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு எதிராக வந்ததுதான். ஆபாசமான கார்ட்டூன் வெளியான பத்திரிகையை விநியோகித்த ஒரு மாணவியை பல்கலைக்கழகம் நீக்கியது. எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், ஒரு கருத்தைப் பரப்பியதற்காக மட்டும் நீக்கக்கூடாது என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதற்காக எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. மிரட்டல் வேறு கதை. 2015 நவம்பரில், கறுப்பினத்தவரைச் சுடப்போவதாக 'யிக் யாக்' ஆப்பில் மிரட்டிய ஒருவர் கைதானார். ஆனால், பல சம்பவங்களில் சட்டத்தின் பிடி ரொம்பத் தளர்வு. 2010-ல் இதே வளாகத்தில், கறுப்பின கலாசார மையத்தின் முன்பு இரவோடு இரவாக பஞ்சு உருண்டைகளை இறைத்துவிட்டுப் போனார்கள். பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த முன்னோர்களைச் சொல்லிக் குத்தும் வேலை அது. பிடிபட்ட இரு மாணவர்களும் கடைசியில் ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? குப்பை போட்டது!

அப்போ போராட்டம் எங்கே வெடித்தது?

வசவை விட, அதற்குப் பின் வந்த மௌனத்தில்தான்.

அக்டோபர் தொடக்கத்தில், கறுப்பின மாணவர்களின் நாடக ஒத்திகைக்குள் குடிபோதையில் நுழைந்த ஒருவர் இழிசொல் பேசினார். கொலம்பியா வளாகத்தின் பொறுப்பாளர் கண்டித்து அறிக்கை விட்டார். பன்முகத்தன்மை குறித்த கட்டாயப் பயிற்சியையும் அறிவித்தார். ஆனால், அனைவருக்கும் மேலே இருந்த வுல்ஃப்?

அக்டோபர் 10-ம் தேதி நடந்த ஊர்வலத்தில் 11 மாணவர்கள் அவருடைய காரை மறித்தார்கள். பல்கலைக்கழகத்தின் இனவெறி வரலாற்றை ஆண்டு வாரியாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். வுல்ஃப் காரை விட்டு இறங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நடத்தைக்கு அவர் மன்னிப்புக் கேட்டது நவம்பர் 6-ம் தேதி. கிட்டத்தட்ட நான்கு வாரம் கழித்து!

அதற்குள் விடுதிக் கழிவறைச் சுவரில் மலத்தால் ஸ்வஸ்திகா வரையப்பட்டிருந்தது. ஜோனதன் பட்லர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர் நவம்பர் 2 முதல் உண்ணாவிரதத்தில் இருந்தார். நவம்பர் 7-ல், வுல்ஃப் விலகும்வரை ஆடமாட்டோம் என்று கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆட்டத்தைக் கைவிட்டால் 10 லட்சம் டாலர் நஷ்டம். நவம்பர் 9-ல் வுல்ஃப் ராஜினாமா. வாரக்கணக்கில் கேட்காத காது, இரண்டு நாளில் கேட்டுவிட்டது.

படத்தின் பலம் எது, பலவீனம் எது?

இரண்டும் ஒன்றேதான்: நெருக்கம். வெற்றி நாளன்று, கூடாரங்கள் இருந்த பக்கம் வராதபடி போராட்டக்காரர்கள் பத்திரிகையாளர்களைத் தள்ளிநிறுத்தினார்கள். ஒரு மாணவப் புகைப்படக்காரரும் தடுக்கப்பட்டார். செய்தியாளர்களை வெளியேற்ற ஆள் கூப்பிட்ட பேராசிரியை ஒருவர் பின்னர் வேலையிழந்தார். பேச்சுக்குக் காயப்பட்டவர்களே இன்னொருவரின் செய்தி உரிமையைத் தடுப்பதா என்ற விமர்சனம் நியாயமானது.

மற்ற கேமராக்கள் வெளியே நின்றபோது, இந்த மூவரும் உள்ளே இருந்தார்கள். அதனால் கோபத்தோடு களைப்பையும் பயத்தையும் பார்க்க முடிகிறது. அதே காரணத்தால், நிர்வாகத்தின் தரப்பை இதில் தேடக்கூடாது.

அதன் பிறகு?

விலை எல்லோருக்கும்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் முதலாமாண்டு சேர்க்கை 35 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 'இனவெறி வளாகம்' என்று ஒரு தரப்பும், 'போராட்டக்காரர்கள் ஆட்டிவைக்கும் வளாகம்' என்று இன்னொரு தரப்பும் ஒதுங்கின.

மிசௌரியில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஒரு மாணவர் பேசியதைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். 'இது தப்பு, நாங்கள் உங்கள் பக்கம்' என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. சட்டம் கட்டிப்போட்டது கையைத்தான், வாயை அல்ல. காரை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்பதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.